யானை வந்த வழி

எங்கள் ஊரில் தாய்மாமன் வீட்டு முன்கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாதபடி அதற்கு முட்டாக ஒரு கல்லை வைத்திருந்தார்கள். கருங்கல்லின் நிறமில்லை, பழுப்பேறிய மஞ்சள். இரண்டு கையாலும் தூக்கினால்தான் அசையும். ஒரு முகத்தில் உழுத வயலைப் போல வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடியிருக்கும். "அது பூதத்தின்ர பல்லு, கிட்டப் போகாதேங்கோ" என்பார் மாமி. நாங்களும் போகமாட்டோம். சில வருடங்கள் கழித்து, எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்திருந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே வாசலில் குந்திவிட்டார். "இது ஆனையின்ர கடைவாய்ப்பல்லல்லோ!" என்றார். மாமிக்கு அந்தச் செய்தி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அன்றுமுதல் சிறுவர்களை விரட்ட அவருக்கு வேறொரு பூதம் தேவைப்பட்டது.

பின்னர் யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். பாயும் பானையும் கொண்டு போனவர்கள் பல்லையா கொண்டு போவார்கள்? அது வாசலிலேயே கிடந்தது.

நேயர்களே, இன்று நாம் பேசப்போவது அந்தப் பல்லுக்குச் சொந்தமான விலங்கின் கதை. அதற்கும் ஓர் இடப்பெயர்வு வரலாறு உண்டு. ஆறு கோடி ஆண்டு நீளமான அந்த வரலாற்றைப் பெரும்பாலும் பற்களைக் கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். இறைச்சி அழுகிவிடும், எலும்பு உதிர்ந்துவிடும், பல் கிடக்கும்.

மாமியின் பூதத்தை நினைத்து நாம் சிரிக்கவேண்டியதில்லை. உலகமே அப்படித்தான் நினைத்திருந்தது. சைபீரியாவின் உறைநிலத்தில் மமத் யானைகளின் தந்தங்கள் வெளிப்பட்டபோது, அது நிலத்தின் கீழே வளை தோண்டித் திரியும் பெரிய பிராணி என்றும், வெளிக்காற்றுப் பட்டதும் செத்துவிடுகிறது என்றும் அங்குள்ள மக்கள் சொன்னார்கள். உயிரோடு எவரும் அதைக் கண்டதில்லை. சடலமோ எப்போதும் மண்ணுக்குள்ளேயே கிடைக்கிறது. அந்த நிலையில் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எது? கிரேக்கர்களின் ஒற்றைக்கண் அரக்கனைப் பற்றி ஒதெனியோ ஆபெல் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1914இல் ஒரு கருத்தை வெளியிட்டார். மத்தியதரைக்கடல் தீவுகளின் குகைகளில் யானை மண்டையோடுகள் கிடைக்கின்றன. அவற்றின் நெற்றி நடுவே பெரியதொரு துவாரம் இருக்கும். அது தும்பிக்கை தொடங்கும் மூக்குத் துவாரம். யானையைக் கண்டறியாத ஒருவன் அதைக் கண்குழி என்றுதான் எடுத்துக்கொள்வான். ஒற்றைக்கண் அரக்கன் பிறந்துவிடுவான். இதை நிரூபிக்க வழியில்லை. ஆயினும் அந்த மண்டையோட்டின் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஆபெலை மறுக்க மனம் வராது.

யானையைக் கண்டறிந்தவர்கள் பார்த்தால் கதை வேறு. 1705இல் நியூயோர்க் மாகாணத்தில் அகப்பட்ட ஒரு பெரும் பல்லை, நோவா காலத்துப் பிரளயத்தில் மாண்ட இராட்சதனுடையது என்று கொட்டன் மாதர் என்ற கற்றறிந்த பாதிரியார் விளக்கினார். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளின் பின், தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்துத் தோட்டமொன்றில் நிலத்தைத் தோண்டும்போது மூன்று நான்கு பெரிய பற்கள் வெளிவந்தன. அங்கே அடிமைகளாக வேலை செய்த ஆபிரிக்கர்கள் அவற்றைப் பார்த்து, இவை யானையின் கடைவாய்ப்பற்கள் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். சொந்த நாட்டில் யானையைக் கண்டவர்கள் அவர்கள். மார்க் கேட்ஸ்பி என்ற ஆங்கில இயற்கையியலாளர் இதைத் தம் நூலில் பதிந்துவைத்தார். அமெரிக்கக் கண்டத்தில் ஒரு தொல்விலங்கின் எச்சத்தைச் சரியாக இனங்கண்ட ஆரம்பப் பதிவுகளில் இது ஒன்று. பாதிரியாரின் பெயரை நாம் அறிவோம். அடிமைகளின் பெயர்களைக் கேட்ஸ்பியும் எழுதவில்லை.

அமெரிக்காவில் யானையே இல்லையே, பல் எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை சொல்லும் வழியைத் திறந்தவர் பிரான்சின் ஜோர்ஜ் கூவியர். 1796இல் பரிஸில் அவர் வாசித்த கட்டுரையில் நமக்கும் ஒரு பங்குண்டு. பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைப் பிடித்தபோது, அந்நாட்டு ஆட்சியாளரின் சேகரிப்பிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பொருட்களுள் இரண்டு யானை மண்டையோடுகளும் இருந்தன. ஒன்று ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. மற்றையது இலங்கையிலிருந்து சென்றது. இவ்விரண்டும் ஒரே இனமல்ல என்று கூவியர் முதலில் காட்டினார். பின்னர் சைபீரிய மமத்தின் எலும்புகளை அருகில் வைத்து, இது இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் என்றார். அப்படியானால் அந்த விலங்கு இப்போது எங்கே? எங்கும் இல்லை, அழிந்துவிட்டது. கடவுள் படைத்த ஓர் உயிரினம் முற்றாக அழியக்கூடும் என்று நம்ப அக்காலத்தவர் ஆயத்தமாயிருக்கவில்லை. அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன்கூட மேற்குத் திசையில் எங்காவது அவை உயிரோடு உலாவக்கூடும் என்று எதிர்பார்த்தவர்தான். உயிரினங்களின் அழிவு என்ற எண்ணமே யானையை வைத்துத்தான் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தது. அதற்குச் சாட்சி சொன்ன மண்டையோடுகளில் ஒன்று நம் நாட்டு யானையினுடையது.

இனித் தொடக்கத்துக்குப் போவோம். மொரோக்கோவில் பொசுபேற்று வெட்டும் சுரங்கங்களிலிருந்து கிடைத்த சில தாடைத் துண்டுகளுக்கு 2009இல் எரிதேரியம் என்று பெயரிட்டார்கள். வயது ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள். விலங்கின் நிறையோ ஐந்தாறு கிலோகிராம். ஒரு நல்ல சேவலும் அதன் பேட்டுக்கோழியும் சேர்ந்த நிறை என்று வையுங்கள். தும்பிக்கை இல்லை, தந்தம் இல்லை. யானை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, பல்லின் அமைப்பைத் தவிர. எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள பையூம் பாலைவனத்தில் கிடைத்த மொரித்தேரியம் அதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. முக்கால் மீற்றர் உயரமும் நீண்ட உடலும் கொண்ட இது, நீர்யானையைப் போலச் சதுப்பில் கிடந்து நீர்த்தாவரம் தின்றது. பற்களின் இரசாயனத்தைச் சோதித்து அதையும் கண்டுகொண்டார்கள்.

நீர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய உறவு யார்? காண்டாமிருகமல்ல, நீர்யானையுமல்ல. ஒன்று ஆபிரிக்கப் பாறைகளிடையே வாழும் முயலளவான ஹைரக்ஸ். மற்றையது நம் மன்னார்க் கடலில் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசு. அதற்கும் மார்பிலேதான் முலைகள், யானையைப் போலவே. கரைக்குப் போன கிளை யானையாயிற்று, கடலுக்குப் போன கிளை ஆவுளியாவாயிற்று என்று சுருக்கிச் சொன்னால் விஞ்ஞானிகள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் வானொலிக்கு அது போதும்.

தும்பிக்கை எப்படி வந்தது? அதில் ஓர் எலும்புகூட இல்லாததால் மண்ணில் அது தடம் வைப்பதில்லை. மண்டையோட்டில் மூக்குத் துவாரம் எவ்வளவு பின்னுக்கும் மேலுக்கும் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே கணிக்கவேண்டும். உடல் பெருக்கப் பெருக்கத் தலை கனத்தது. தலையைத் தாங்கக் கழுத்து குறுகியது. கழுத்து குறுகினால் வாய் நிலத்துக்கு எட்டாது. எட்டாத வாய்க்கு உணவைக் கொண்டுபோக மேலுதடும் மூக்கும் ஒன்றாகி நீண்டன. கைம்மா என்று நம் முன்னோர் இட்ட பெயரை நான் இந்த இடத்தில் நினைப்பதுண்டு. கையுடைய விலங்கு என்பதுதான் அதன் பொருள்.

இவ்வளவும் நடந்தது ஆபிரிக்காவில். அப்போது ஆபிரிக்கா ஒரு பெருந்தீவு. வடக்கே டெதிஸ் என்ற பழங்கடல் அதை மற்றக் கண்டங்களிலிருந்து பிரித்திருந்தது. இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், அரேபியத் தட்டு நகர்ந்து ஆசியாவில் முட்டியபோது தரைவழி திறந்தது. யானைக் குலத்தவர் வெளியே நடந்தார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே அவர்களின் மிகப் பழைய எச்சங்கள் சில பலூசிஸ்தானின் புக்தி மலைகளில் கிடைத்திருக்கின்றன. புவிச்சரிதவியலாளர்கள் அந்தத் தரைவழிக்கே கொம்போதேரியம் என்ற பழைய யானையொன்றின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

வெளியேறியவர்களில் விதம்விதமான உருவத்தினர் இருந்தார்கள். டைனோதேரியத்துக்குக் கீழ்த்தாடையிலிருந்து தந்தங்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. அது ஆற்றில் உறங்கும்போது கரையில் தந்தத்தைக் கொளுவி நங்கூரமிட்டுக்கொள்ளும் என்று 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பக்லண்ட் என்ற ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் எழுதினார். பூதக்கதை சொல்ல மாமிக்கு மட்டுமா உரிமை? கோபிப் பாலைவனத்தில் கிடைத்த பிளாட்டிபெலடனுக்குக் கீழ்த்தந்தங்கள் இரண்டும் தட்டையாகிச் சவள்போல நீண்டிருந்தன. சேற்றை அள்ளித் தின்றது என்று பல காலம் படம் வரைந்தார்கள். தேய்மானத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, தும்பிக்கையால் கொப்பைப் பிடித்து அரிவாளில் அரிவதைப் போல அந்தப் பல்லில் உராய்ந்து அறுத்தது என்று தெரியவந்தது. மஸ்டொடனின் குலத்தவரும் கொம்போதேரியக் குலத்தவரும் சைபீரியா வழியாக, இன்று பேரிங் நீரிணை இருக்கும் இடத்தைத் தரையாகவே கடந்து, ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வட அமெரிக்காவை அடைந்துவிட்டார்கள். பனாமாத் தரைப்பாலம் உருவான பின் தென் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவுஸ்திரேலியாவும் அந்தாட்டிக்காவும்தான் அவர்கள் கால்படாத கண்டங்கள்.

ஆனால் இவர்கள் எவரும் நம் யானையின் நேர்முன்னோர் அல்லர். உண்மையான யானைக் குடும்பம் பிந்தித்தான் பிறந்தது, அதுவும் ஆபிரிக்காவிலேயே, ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். காடு அருகிப் புல்வெளி பரந்த காலம் அது. புல் பொல்லாத உணவு. அதில் மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது. பல்லை அரம்போல அராவிவிடும். அதற்கு யானைக் குலம் கண்ட பதில்தான் மாமா வீட்டு வாசலில் கிடந்தது. நெருக்கி அடுக்கிய எனாமல் தகடுகள், அவற்றிடையே சீமெந்துபோன்ற பொருள், முழுவதும் ஓர் அம்மி. ஒரு பல் தேய்ந்து முன்னே தள்ளப்பட, பின்னாலிருந்து புதியது நகர்ந்துவரும். இப்படி வாழ்நாளில் ஆறு தடவை. ஆறாவதும் தேய்ந்தால் யானை அரைக்க முடியாமல் பசியால் சாகும். லண்டனைச் சேர்ந்த ஏட்ரியன் லிஸ்டர் என்ற ஆய்வாளர் 2013இல் வியப்பான ஒன்றைக் காட்டினார். கிழக்கு ஆபிரிக்க யானைகள் புல் தின்னத் தொடங்கி இலட்சக்கணக்கான ஆண்டுகள் சென்ற பிறகே பல் அதற்கேற்ப உயர்ந்ததாம். பழக்கம் முன்னே போகிறது, உடம்பு பின்னே இழுபட்டு வருகிறது. கூர்ப்பைப் பற்றிப் பாடசாலையில் நாம் படித்த ஒட்டகச்சிவிங்கிக் கதையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஆபிரிக்க யானைக் கிளை முதலில் பிரிந்தது. அதன்பின் பிரிந்தவை இரண்டு: ஒன்று நம் ஆசிய யானை, மற்றது மமத். கம்பளி போர்த்தித் துருவப்பனியில் நடந்த மமத்துக்கு ஆபிரிக்க யானையைவிட நம் யானையே நெருங்கிய உறவு. மரபணு ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. இரண்டுமே பிறந்தது வெப்பமான ஆபிரிக்காவில். ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்த அவை, ஒன்று வடக்கே போயிற்று, ஒன்று கிழக்கே வந்தது. வடக்கே போனதன் காது சுருங்கியது, வால் குறுகியது, தோலின் கீழ்க் கொழுப்புப் படிந்தது. குளிரிலும் ஒட்சிசனைக் கொடுக்கக்கூடியதாக இரத்தமே மாறிற்று. கிழக்கே வந்தவற்றின் எலும்புகளை 1830களில் இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் ஹியூ பல்கோனரும் புரோபி கோட்லியும் வண்டிவண்டியாகச் சேர்த்தார்கள். அங்கே கிடைத்த எலிபஸ் ஹைசுட்ரிக்கஸ் என்ற இனத்திலிருந்தே ஆசிய யானை தோன்றியது என்பது பொதுவான கருத்து.

கண்டங்களைக் கடந்தாயிற்று. தீவுகளுக்கு எப்படிப் போயின? நமக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

யானை நன்றாக நீந்தும். நாம் இதை யாரிடமும் கேட்டறியவேண்டியதில்லை; ஆனையிறவு என்ற பெயரே சாட்சி. பிடித்த யானைகளை அந்தக் கடல்நீரேரியில் இறக்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கடத்தி, அங்கிருந்து கப்பலேற்றி விற்ற வரலாறு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலப் பதிவுகளில் உண்டு. கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் குள்ள மமத்துகளின் எலும்புகள் கிடைத்தபோது, முன்னொரு காலத்தில் தரைப்பாலம் இருந்திருக்கவேண்டும் என்றே பலர் நினைத்தார்கள். டொனால்ட் ஜோன்சன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் மறுத்தார். பாலம் தேவையில்லை, யானைகள் நீந்தியே போயிருக்கும் என்றார். 1980இல் அவர் திரட்டித் தந்த ஆதாரங்களில் இலங்கை யானைகளின் நீச்சலும் ஒன்று. 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு யானை, தும்பிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டியபடி தத்தளித்துக்கொண்டிருந்ததையும், கடற்படையினர் கயிறு கட்டி அதைக் கரைசேர்த்ததையும் நேயர்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து பல கிலோமீற்றர் தூரம். அந்தத் தும்பிக்கை நுனியை நான் பார்த்தபோது, புளோரெஸ், திமோர் தீவுகளுக்கு ஸ்டெகடன்கள் போன விதம் இதுதான் என்று தோன்றிற்று. அத்தீவுகளுக்கு ஒருபோதும் தரைவழி இருந்ததில்லை.

தீவை அடைந்த யானைக்கு நடப்பது விசித்திரம். அது சிறுத்துப்போகிறது. தீவில் உணவு அளவானது. துரத்தும் புலியோ சிங்கமோ இல்லை. பெரிய உடம்பு வீண்சுமை. 1901இல், இருபத்திரண்டு வயதில், டொரத்தியா பேட் என்ற ஆங்கிலப் பெண் தனியே சைப்பிரஸுக்குப் போய்க் குகைகளைக் கிளறத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அங்கு குள்ள யானைகளைக் கண்டுபிடித்தார். சிசிலித் தீவின் யானையோ வளர்ந்த நிலையிலும் ஒரு மீற்றர் உயரந்தான். அதன் முன்னோர் ஐரோப்பாவில் நான்கு மீற்றர் உயரம் நின்றவர்கள். சிவாலிக்கில் பெரும் யானைகளைத் தோண்டிய பல்கோனரின் பெயரை இந்த ஆட்டுக்குட்டி யானைக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

சிறுத்துப்போவதோடு கதை முடிவதில்லை. சிசிலி, மோல்டா, சைப்பிரஸ், கிரீட், கலிபோர்னியத் தீவுகள், புளோரெஸ் — இந்தத் தீவு யானைகளில் ஒன்றுகூட இன்று இல்லை.

இப்போது நம் தீவுக்கு வருவோம். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில், கல் கிடக்கும் சரளைப் படையோடு சேர்ந்து பற்களும் எலும்புகளும் வெளிவருவதுண்டு. கல் தேடுபவனுக்கு அவை குப்பை. அந்தக் குப்பையின் பெறுமதியை அறிந்து சேகரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்தவர். அழிந்த யானைகளையும் அவற்றின் உறவினங்களையும் பற்றி 1955இல் பெரிய நூலொன்றே எழுதினார். அவர் கண்டெடுத்தவற்றில் இந்திய ஹைசுட்ரிக்கஸின் இலங்கை வடிவமும், நர்மதைப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பேருருவான நமாடிக்கஸ் யானையின் இலங்கை வடிவமும் உண்டு. காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. கொடியில் சிங்கத்தைப் பார்த்து, இங்கே ஏது சிங்கம் என்று கேட்பவர்களுக்கு இரத்தினபுரிச் சேற்றில் ஒரு பல் பதில் வைத்திருந்தது.

இவையெல்லாம் நடந்தே வந்தன. பனிக்கட்டிக் காலங்களில் கடல்நீர் துருவங்களில் உறைந்துகிடக்க, கடல் மட்டம் 120 மீற்றர் வரை தாழ்ந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் எவ்வளவு? பெரும்பகுதியில் பதினைந்து மீற்றருக்கும் குறைவு. அதனால் மன்னாரும் இராமேஸ்வரமும் பலமுறை ஒரே நிலமாயின, பலமுறை பிரிந்தன. கடைசியாகப் பிரிந்து ஏறத்தாழ 7,000 ஆண்டுகளாகின்றன. திரும்பத் திரும்ப நடந்த இந்தப் போக்குவரவின் தடம் இன்றும் யானைகளின் உடலில் இருக்கிறது. இலங்கை யானைகளின் மரபணுவில் இரண்டு தாய்வழிகள் கலந்து காணப்படுகின்றன. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வெவ்வேறு காலங்களில் வந்த கூட்டங்கள் இங்கே ஒன்றாகியிருக்கின்றன.

கதவு மூடியபின் காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் இல்லை, யானை இருக்கிறது. குள்ளமாகவும் இல்லை. தீவு பெரியது, காடும் குளமும் போதுமானவை, பிரிந்த காலமும் குறைவு. உலகில் தீவு யானைகள் பெரும்பாலும் எலும்பாக மட்டுமே எஞ்ச, உயிரோடு நிற்கும் சிலவற்றில் ஒன்று நம்முடையது.

மற்றவை ஏன் அழிந்தன? காலநிலையா, மனிதனா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிடுகிறார்கள். அரிசோனாவின் நாக்கோவில் 1952இல் தோண்டிய மமத்தின் எலும்புகளிடையே எட்டு ஈட்டி முனைகள் கிடைத்தன. உக்ரேனில் மமத் எலும்புகளால் குடிலே கட்டியிருந்தார்கள். மறுபுறம், பனி உருகியதும் மமத்தின் புல்வெளி சதுப்பாகவும் காடாகவும் மாறியதும் உண்மை. என் மனதுக்குப் படுவது இது: பனி அதற்கு முன்னரும் பலமுறை உருகியது, யானைக் குலம் ஒதுங்கி நின்று பிழைத்தது. கடைசி முறை ஒதுங்கிய இடத்திலெல்லாம் ஈட்டியோடு ஒருவன் இருந்தான். இருபத்திரண்டு மாதம் சுமந்து நான்கைந்து வருடத்துக்கு ஒரு கன்று ஈனும் விலங்கை அழிக்கப் பெரிய வேட்டை தேவையில்லை. பிறப்பதைவிட ஆண்டுக்கு இரண்டு மூன்று அதிகமாகக் கொன்றால் போதும்.

மனிதன் இல்லாத இடத்திலும் தப்பவில்லை என்பார்கள். அலாஸ்காவுக்கு அப்பால் சென் போல் என்ற சிறு தீவு. கடல் ஏறியபோது சில மமத்துகள் அதில் அகப்பட்டுக்கொண்டன. அங்கே மனிதர் இல்லை. குளத்தின் அடிச்சேற்றை ஆராய்ந்தவர்கள் 2016இல் சொன்ன முடிவு, அவை நன்னீர் இன்றி இற்றைக்கு 5,600 ஆண்டுகளுக்கு முன் மாண்டன என்பது. குளம் வற்ற வற்ற எஞ்சிய தண்ணீரைச் சுற்றியே எல்லாம் கூடி, கரையை மிதித்துச் சேறாக்கி, தம் தண்ணீரைத் தாமே கெடுத்துக்கொண்டன. சைபீரியாவுக்கு வடக்கே றேங்கல் தீவில் எஞ்சிய கூட்டம் இன்னும் 1,600 ஆண்டுகள் வாழ்ந்தது. கீசாவின் பிரமிட்டுகள் எழுந்து நின்ற காலத்திலும் மமத் இருந்தது. 2024இல் வெளியான ஆய்வின்படி அந்தத் தீவில் தொடக்கத்தில் அகப்பட்டவை எட்டு அளவில்தான். பிறகு இருநூறு முந்நூறாகப் பெருகி, ஆறாயிரம் ஆண்டுகள் அந்தக் கணக்கிலேயே நின்றன. பின்னர் திடீரென்று ஒன்றுமில்லை. நோயா, புயலா, காட்டுத்தீயா, தெரியவில்லை. போக வேறிடம் இல்லாத கூட்டத்துக்கு ஒரு கெட்ட வருடம் போதுமாயிருந்திருக்கிறது.

இலங்கையில் 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரே ஆங்கிலேய அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகப் பதிவிருக்கிறது. (1845இல் ஹப்புத்தளையில் அவர்மீது இடி விழுந்தது. யானைகளின் சார்பில் விழுந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.) அந்த வேட்டை ஓய்ந்துவிட்டது. இப்போதுள்ள சிக்கல் வேறு. நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான இடத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். 2023இல் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. சூடு, மின்வேலி, வெடிவைத்த பூசணிக்காய், ரயில். அந்த ஆண்டு யானைகளால் மனிதர்களும் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். இதை மறைத்துவிட்டு யானைக்காக மட்டும் பேசுவது, வயலில் இரவு காவலிருப்பவனுக்குச் செய்யும் அநியாயம்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். மாமா வீட்டில் அத்திவாரம் மட்டும் இருக்கிறது. பல் இல்லை. முற்றத்தில் வைத்திருந்த தென்னங்கன்றுகளின் குருத்தை இழுத்துத் தின்றுவிட்டுப் போன அடையாளமும், ஈரமண்ணில் சுளகளவு அடித்தடங்களும் இருந்தன. பக்கத்துக் காணியில் மீளக்குடியேறியிருந்தவர் வேலியைக் கட்டிக்கொண்டு நின்றார். போன கிழமை ஏழு வந்து போனதாம்.

"எங்கேயிருந்து வருகுதுகள், அண்ணை?" என்று கேட்டேன்.

"அதுகள் எங்கேயிருந்து வாறது? இஞ்சதானே நிண்டதுகள். நாங்களல்லோ போயிட்டு வந்தனாங்கள்" என்றார். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. ஆனைவெடி இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பரணுக்கு ஏறினார்.